சிவநேசனின் நேர்த்தி, என் தலை

பெப்ரவரி மாதத்து மத்தியானம். பள்ளிக்கூடத்துக் கழுவுதொட்டிக்குக் கீழே தலையை விட்டு, அடைத்துக்கொண்ட குழாய் ஒன்றோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். நான் அங்கே வாக்ட்மெஸ்தர் — கட்டடத்தைப் பார்த்துக்கொள்பவன். பிள்ளைகள் எதை எந்தக் குழாய்க்குள் போட்டாலும் வெளியே எடுத்துக் கொடுப்பவன். அந்த நேரம் பார்த்து வசந்தி தொலைபேசி எடுத்தார்.

“அண்ணை, நீங்கள் அந்த பப்பிலை இருந்து கடவுளைப் பற்றிக் கதைக்கிறனீங்களாமே. அது இப்பவும் நடக்குதோ?”

நடக்கிறது என்றேன், கொஞ்சம் பயத்தோடு. இப்படித் தொடங்கும் கேள்விகள் வழக்கமாகத் திட்டில்தான் முடியும்.

“அப்ப இவரையும் ஒருக்கா அங்கை கூட்டிக்கொண்டு போங்கோ.”

நோர்வேக்கு வந்து இத்தனை வருடத்தில், ஒரு தமிழ் மனைவி தன் கணவனைப் பப்புக்குக் கூட்டிக்கொண்டு போகச் சொல்லி என்னிடம் கேட்டது இதுதான் முதல் தடவை. நிமிர்ந்தேன். தொட்டியில் தலை இடித்தது.

‘இவர்’ என்றால் சிவநேசன். ஒஸ்லோவில் வெஸ்ட்லிப் பக்கம் இருக்கிறார். பஸ் ஓட்டுநர். வடகோடி ஹம்மர்பெஸ்ட் மீன் தொழிற்சாலையில் இரண்டு பேரும் பக்கத்துப் பக்கத்தில் நின்று மீன் வெட்டிய காலத்திலிருந்து எனக்குப் பழக்கம். அவர் இதயத்தில் ஒரு வால்வு சரியாக மூடுவதில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து ஒப்பரேசனுக்கு இரண்டு தடவை நாள் வந்தது. இரண்டு தடவையும் தடிமன், சளி, காய்ச்சல் என்று சொல்லித் தள்ளிப்போட்டார். காய்ச்சலும் இல்லை, ஒன்றும் இல்லை. இப்போது மூன்றாவது கடிதம் வந்திருக்கிறது. இன்னும் நான்கு கிழமை. இதையும் தள்ளினால் தான் பொறுப்பில்லை என்று டொக்டர் வசந்தியிடம் சொல்லிவிட்டாராம்.

“ஏன் தள்ளுறாராம்?”

“எனக்கு முழுக்கச் சொல்லுறாரில்லை, அண்ணை. மாதா விசயமாம்.”

மாதாவா? நான் யாழ்ப்பாணத்துத் தீவுப் பக்கத்துக் கத்தோலிக்கன். மாதா என் பக்கத்து ஆள். சிவநேசன் புத்தூர்ச் சைவர். வெள்ளிக்கிழமை மச்ச மாமிசம் தொடாதவர். அவருக்கும் மாதாவுக்கும் இடையில் என்ன கொடுக்கல் வாங்கல்?

புது வாசகர்களுக்கு மேசை பற்றி ஒரு சிறு விளக்கம். (பழையவர்கள் இந்த இடத்தில் போய்த் தேநீர் ஊற்றிக்கொண்டு வரலாம்.)

ரொம்சோஸ் கடைத்தொகுதியின் மூலையில் ஒரு சின்ன பப். நடத்துகிறவர் பியோர்க் என்ற நோர்வேப் பெண். அறுபதைத் தாண்டியவர். எதையும் நம்பாதவர் — வானிலை அறிக்கை உட்பட. செவ்வாய்க்கிழமைகளில் அவர் கடையில் கதிரைகள் மட்டும்தான் உட்கார்ந்திருக்கும். நானோ, பூசை முடிந்து கோப்பி குடிக்கும் நேரத்தில் அதிகம் கேள்வி கேட்கிறவன் என்று கோயிலில் பெயர் எடுத்தவன். இரண்டு பேரின் கஷ்டமும் ஒன்றாகச் சேர்ந்தது. இரண்டு வருடமாக, செவ்வாய் மாலை ஆறு மணிக்கு மூலை மேசையில் நம்பிக்கை பற்றிக் கதை. யாரும் வரலாம். பியர் குடிக்கலாம், கோப்பி குடிக்கலாம், சும்மாவும் இருக்கலாம்.

யாரும் யாரையும் தன் பக்கம் இழுக்கக்கூடாது. புத்தகத்தைத் திறந்து வாசித்துக் காட்டக்கூடாது. கோயில் நிர்வாகசபைச் சண்டை, சேர்ச் கொமிற்றிச் சண்டை எடுக்கக்கூடாது. இந்தக் கடைசி விதி அடிக்கடி மீறப்படுகிறது. பெரும்பாலும் என்னால்.

“குடிக்கப் போறதுக்குக் கடவுளையும் துணைக்குக் கூட்டிக்கொண்டு போற ஒரே ஆள் நீங்கள்தான்” என்பது என் மனைவியின் கருத்து. நான் குடிப்பதோ ஒரு பியர். அதையும் இரண்டு மணி நேரம் குடிப்பேன். பியோர்க் அதைப் பார்த்து, “இது குடிப்பது இல்லை, ஆவியாக விடுவது” என்பார்.

அந்தச் செவ்வாய் மேசையில் ஆள் குறைவு. நான், கவுண்டருக்குப் பின்னால் பியோர்க், அப்புறம் கார்த்திக். கார்த்திக் திருச்சிக்காரர், முப்பது வயது, மென்பொருள் வேலை. எலுமிச்சைச் சோடா தவிர வேறு எதையும் தொடமாட்டார். ஆனால் எல்லாக் கோயில் வழக்கமும் தெரியும்.

சிவநேசன் மெதுவாக வந்தார். தரிப்பிடத்திலிருந்து கதவு வரைக்கும் நடந்ததற்கே மூச்சு வாங்கியது. கம்பளித் தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்தார். தலை பளபளவென்று இருந்தது. ஆப்பிள் ஜூஸ் கேட்டார். அரைவாசி குடித்தார். பிறகு, பஸ்ஸில் அடுத்த தரிப்பைச் சொல்கிற மாதிரி எந்த ஏற்ற இறக்கமும் இல்லாமல் சொன்னார்.

“எனக்கு இருபத்திமூண்டு வயசு இருக்கேக்கை தம்பியை ஆமி பிடிச்சுக்கொண்டு போட்டாங்கள். பதினெட்டு நாள். வீட்டிலை எல்லாரும் அம்மனுக்கு நேர்ந்திச்சினம். அம்மா காவடி, அக்கா விரதம், சித்தி பொங்கல். ஒரே ஆளிட்டை எத்தினை பேர் போய் நிக்கிறது? அதுதான் நான் மடுக் கோயில் மாதாவிட்டைக் கேட்டனான். தம்பி உயிரோட வந்தா மொட்டை அடிக்கிறன் எண்டு.”

“வந்தாரா சார்?” என்றார் கார்த்திக்.

“வந்திட்டான். பத்தொன்பதாம் நாள் காலமை, சேட்டு இல்லாமல் வீட்டுப் படலையிலை நிண்டான்.”

“அப்ப நீர் மொட்டை அடிக்கேல்லையோ?” இது நான்.

“மடுவுக்குப் போற பாதை பூட்டிக் கிடந்தது. பிறகு நான் இஞ்சாலை வெளிக்கிட்டிட்டன். சமாதானம் வந்தாப்போல போவம் எண்டு ஹம்மர்பெஸ்டிலை இருந்து யோசிச்சன். அங்கை அடிச்ச காத்திலை…”

தலையைத் தடவிக் காட்டினார். மிச்சக் கதையைத் தலையே சொல்லியது.

ஹம்மர்பெஸ்டில் அந்தத் தலைமயிர் போவதை நான் கண்ணால் பார்த்தவன். முதல் வருடம் நெற்றி. இரண்டாம் வருடம் உச்சி. ஆறாம் வருடம் காதோரத்தில் மட்டும் ஒரு வேலி. (தமிழ்நாட்டு வாசகர்கள் மன்னிக்கவேண்டும். எங்களுக்குத் தலைமயிர் என்பது சாதாரணச் சொல். கார்த்திக் இரண்டு வருடம் எங்களோடு பழகியும், நாங்கள் அந்தச் சொல்லைச் சொல்லும்போதெல்லாம் கவுண்டர் பக்கம் திரும்பிக்கொள்வார்.)

“பிறகு பாதை திறந்து ஒருக்காப் போனனான்” என்றார் சிவநேசன். “மாதாவுக்கு முன்னாலை நிண்டனான். குடுக்கத் தலையிலை ஒண்டும் இல்லை. தொப்பியைக் கூடக் கழட்டேல்லை, ஐசே. வெக்கம்.”

பியோர்க்குக்கு நான் நொஸ்க்கில், அதாவது நோர்வே மொழியில், மொழிபெயர்க்கவேண்டியிருந்தது. நேர்த்திக்கு நொஸ்க்கில் என்ன சொல்? கடவுளோடு செய்த ஒரு ஒப்பந்தம் என்றேன்.

“எழுத்திலா?”

“வாய்மொழி.”

“சாட்சி?”

“இல்லை.”

“எனக்குத் தெரிந்து அது செல்லாது” என்றார் பியோர்க். ஆனால் துடைத்துக்கொண்டிருந்த கிளாசைக் கீழே வைத்துவிட்டு மேசைக்கு வந்து உட்கார்ந்தார்.

கார்த்திக்தான் முதலில் வழி தேடினார். “சார், எங்க ஊர்ல பூ முடின்னு ஒண்ணு இருக்கு. முழு மொட்டை வேணாம். ரெண்டு மூணு கத்தை முடி வெட்டிக் குடுத்தாலே போதும். காதோரம் இருக்கறத கொஞ்சம் வளர விடுங்களேன்.”

“ஒப்பரேசனுக்கு நாலு கிழமைதான் கிடக்கு, தம்பி. அதுக்குள்ளை என்ன முளைக்கும்? அதோட நான் நேர்ந்தது இந்த வேலியை இல்லை. அந்த இருபத்திமூண்டு வயசுத் தலைமயிரை.”

“இத்தன வருஷமா நீங்களே வாராவாரம் ஷேவ் பண்றீங்களே சார். அதை எல்லாம் கணக்குல எடுத்துக்க மாட்டாங்களா?”

“அது வோஷ் பேசினுக்குக் குடுத்தது. மாதாவுக்கு இல்லை.”

“தம்பி பண்ணலாமே? அவர் பொழச்சதுக்குத்தானே வேண்டினது?”

சிவநேசன் முதல் தடவையாகச் சிரித்தார். “அவன் கனடாவிலை அல்லேலூயாச் சபையிலை சேர்ந்திட்டான். மாதாவைக் கும்பிடுறது பிழை எண்டு எனக்கு வீடியோ அனுப்புறவன்.”

பாருங்கள். மாதாவால் பிழைத்தவர் மாதாவை ஏற்கமாட்டார். மாதாவுக்கு நேர்ந்தவர் சைவர். இந்த மாதிரிச் சிக்கலை எங்கள் ஆட்களைத் தவிர வேறு யார் உண்டாக்குவார்கள்?

“ஐயரிட்டைக் கேட்டனீரோ?” என்றேன்.

கேட்டிருக்கிறார். கோயில் ஐயர் நல்ல மனிதர். அம்மனுக்கு நேர்ந்தது என்றால் ஒரு பரிகாரம் சொல்வேன், மாதாவுக்கு நேர்ந்ததை நான் எப்படி அவிழ்ப்பது, அது மரியாதை இல்லையே என்று சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு எங்கள் பாதரிடம் போயிருக்கிறார். நேர்த்தியை மாற்றிக் கொடுக்கப் பாதருக்கு அதிகாரம் உண்டு — ஆனால் தன் சபை ஆட்களுக்குத்தான்.

“‘அப்ப நான் ஞானஸ்நானம் எடுத்துப்போட்டு வரட்டோ’ எண்டு கேட்டன். ‘அதுக்கு ஒரு வருச வகுப்பு இருக்கு’ எண்டார்.”

இந்த நாட்டு அலுவலகங்களில் நமக்குப் பழக்கமான விஷயம்தான். இது எங்கள் பிரிவு இல்லை, இரண்டாம் மாடியில் கேளுங்கள். இரண்டாம் மாடியில் கேட்டால், இது முதலாம் மாடி அலுவல். சிவநேசன் இரண்டு மாடியும் ஏறி இறங்கிவிட்டு, கடைசியில் பப்புக்கு வந்திருந்தார். அதுவும் ஏறி இறங்கக்கூடாத இதயத்தோடு.

“இப்ப என்ன பயம் உமக்கு?” என்று கேட்டேன். “மாதா கோவத்திலை ஒப்பரேசன் மேசையிலை வைச்சு உம்மடை உயிரை எடுத்துப்போடுவா எண்டோ?”

“சீ. அவ அப்பிடிப்பட்ட ஆள் இல்லை.” கிளாசைச் சுற்றிக்கொண்டே இருந்தார். “நெஞ்சைத் திறக்கப்போறாங்கள். படுக்கிறதுக்கு முன்னம் ஆரிட்டையாவது ஒண்டு கேக்கத்தானே வேணும். முதல் கேட்டதுக்கே குடுக்கேல்லை. எந்த முகத்தோட ரெண்டாந்தரம் போய்க் கேக்கிறது? கேக்காமல் படுக்கவும் ஏலாது. அதுதான் படுக்கேல்லை.”



இரண்டு வருடமாக அந்த மேசையில் பெரிய பெரிய விஷயம் எல்லாம் கதைத்திருக்கிறோம். கடவுள் இருக்கிறாரா? இருந்தால் ஏன் உலகம் இப்படி? இல்லாவிட்டால் ஏன் இப்படி? எல்லாவற்றுக்கும் எங்களிடம் மூன்று நான்கு பதில் கைவசம் இருக்கும். ஆனால் ஒரு மனிதர் வந்து, நான் கொடுத்த சொல்லை இப்போது என்ன செய்வது என்று கேட்டால்… எல்லாரும் அவரவர் கிளாசுக்குள் பார்த்தோம். கடவுளைப் பற்றிக் கதைப்பது சுகம். கடவுளிடம் சொன்னதைச் செய்வதில்தான் ஆள் குறைவு.

பியோர்க்தான் கேட்டார். “அது கட்டாயம் அவருடைய தலைமயிராகத்தான் இருக்கவேண்டுமா?”

நான் மொழிபெயர்த்தேன். யாருக்கும் தெரியவில்லை. கார்த்திக் சோடாவை உறிஞ்சினார்.

மௌனம் எனக்கு ஒத்துவராது. செத்தவீட்டில்கூட ஏதாவது சொல்லி வசவு வாங்குகிறவன் நான். இங்கே என் தலைமயிரைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லவேண்டும். அறிவு, உயரம், குரல், இவை பங்கிடும்போது கடவுள் என்னைக் கவனிக்கவில்லை. தலைமயிரில் மட்டும் அள்ளிப் போட்டுவிட்டார். காட்டுச்செடி மாதிரி அடர்த்தி. நிறமும் கருகருவென்று இருக்கும்; அது எப்படி என்று என் மனைவிக்கு மட்டும் தெரியும். கூட்டங்களில் நான் பேசியது யாருக்கும் நினைவு இருக்காது. தலை நினைவு இருக்கும். அந்தத் தலையை ஒரு தடவை விரலால் கோதிக் காட்டிவிட்டுச் சொன்னேன்:

“அப்ப என்ரையை எடுமன். சும்மாதானே கிடக்குது.”

நான் எதிர்பார்த்தது சிரிப்பு. கார்த்திக் சிரிக்கவில்லை. சிவநேசன் கிளாசைச் சுற்றுவதை நிறுத்தினார்.

“மாதா விசயத்திலை பகிடி விடக்கூடாது, ஐசே.”

இந்த இடத்தில் நான், “பகிடிதான், குறை நினைக்காதேயும்” என்று சொல்லியிருக்கவேண்டும். அவ்வளவுதான். ஆனால் அந்த மனிதர் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் தலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பசித்தவர் சோற்றைப் பார்க்கிற மாதிரி.

“பகிடி இல்லை” என்றேன்.

வாழ்நாள் முழுக்கப் பகிடி விட்டுவிட்டு, ஒரே ஒரு தடவை பகிடி இல்லை என்று பொய் சொன்னேன். அதையா இந்த உலகம் நம்பவேண்டும்?

அடுத்த நாள் காலை ஏழு மணிக்கே வசந்தி தொலைபேசி எடுத்தார். பேசவில்லை, அழுதார். ஆஸ்பத்திரிக்கு வருகிறேன் என்று சிவநேசன் பதில் அனுப்பிவிட்டாராம். ஒரு நிபந்தனையோடுதான் — அதற்கு முதல் நேர்த்தி நடந்துவிடவேண்டும். “நீங்கள் அண்ணை இல்லை, எங்களுக்குத் தெய்வம்” என்றார். தெய்வங்களுக்குத் தப்பி ஓட வழி இருக்கிறதா என்று எனக்குத் தெரியவில்லை. எனக்கு ஒரே ஒரு வழி இருந்தது. பாதர்.

ஒருவருடைய நேர்த்தியை இன்னொருவர் தலையால் நிறைவேற்றுவது செல்லாது என்று பாதர் ஒரு வார்த்தை சொன்னால் போதும். என் கவலை முழுக்க சபையின் ஒழுங்கைப் பற்றியதுதான் என்கிற குரலில் கேட்டேன். பாதர் நீண்ட நேரம் சிரித்தார். யாழ்ப்பாணத்தில் சின்ன வயதில் என்னோடு பந்தடித்தவர். என் குரல்கள் எல்லாம் அவருக்குத் தெரியும்.

“இதுக்குச் சட்டம் ஒண்டும் எனக்குத் தெரியாது” என்றார். “ஆனா உம்மட்டை ஒண்டு கேக்கிறன். நீர் அறுபது வருசமா மாதாவிட்டை வாங்கினதுக்கு, இதுவரைக்கும் என்ன குடுத்திருக்கிறீர்?”

தொலைபேசியை வைத்துவிட்டேன்.

மனைவியிடம் போனேன். அவராவது தடுப்பார் என்று ஒரு நம்பிக்கை. “தலைக்கு உள்ளை ஒண்டும் இல்லையெண்டது எல்லாருக்கும் தெரியும்” என்றார். “வெளியிலையும் இல்லாட்டி என்ன?” பிறகு, “சிவநேசன் அண்ணைக்காக எண்டா செய்யுங்கோ” என்றார். என் கல்யாணநாளில்கூட இவ்வளவு மதிப்போடு என்னைப் பார்த்ததில்லை.

ஒஸ்லோவுக்கு வெளியே, ஏரிக்கரையில், ஒவ்வொரு ஓகஸ்ட் மாதமும் நம்மவர்கள் மடு மாதா திருநாள் எடுக்கும் இடம் ஒன்று இருக்கிறது. நோர்வேயின் எல்லாப் பக்கத்திலிருந்தும் ஆட்கள் வருவார்கள். பாதிப் பேர் சைவர்கள். அந்த உடம்போடு சிவநேசன் இலங்கைக்குப் பறக்க ஏலாது. அதனால் அந்த இடம்தான் என்று முடிவானது. மார்ச் மாதச் சனிக்கிழமை. கார்த்திக்கின் காரில் போனோம். சிவநேசன் முன்னால், நானும் வசந்தியும் பின்னால். வெட்டக் கொண்டுபோகிற ஆடு எனக்கு அன்றைக்கு உறவாகத் தெரிந்தது.

மைனஸ் நான்கு. முழங்கால் அளவு பனி. மாதா சுரூபத்தின் தோளிலும் பனி இருந்தது. எங்களைத் தவிர ஒருவரும் இல்லை. வசந்தி கோடையில் கூடார முகாம்களுக்குக் கொண்டுபோகிற மடக்குக் கதிரையை விரித்தார். தேர்மோசில் வெந்நீர். துவாய். சவரக்கத்தி.

“ஆர் அடிக்கிறது?” என்றேன்.

“நான்தான்” என்றார் சிவநேசன். “தலை உம்முடையது. நேர்த்தி என்ரை. என்ரை கையாலை குடுக்கவேணும்.”

எனக்கு நினைவுக்கு வந்தது, அந்தக் கை ஹம்மர்பெஸ்டில் ஒரு நாளைக்கு எத்தனை மீனின் தோலை உரித்தது என்பது. “காணும் எண்ட இடத்திலை நிப்பாட்டும்” என்றேன். “நான் கொட் மீன் இல்லை.”

“ஆடாமல் இரும். கொட் மீன் இப்பிடிக் கதைக்கிறேல்லை.”

முதலில் கத்தரிக்கோல். பிறகு வெந்நீர். இரண்டு நிமிடத்தில் வெந்நீர் ஐஸ் மாதிரி ஆகிவிடும், மறுபடி ஊற்றவேண்டும். அவர் கை மெதுவாக, ஒரே அளவாக வந்தது. உச்சியிலிருந்து பிடரிக்கு. ஒரு கட்டத்தில் கத்தி நின்றது. திரும்பிப் பார்க்கப் பயமாக இருந்தது. பின்னால் அவர் மூச்சு கேட்டது — இழுத்து, நின்று, இழுத்து.

“விடுங்கோ அப்பா, நான் அடிக்கிறன்” என்றார் வசந்தி.

“இல்லை.”

“சார், உக்காந்து பண்ணுங்க சார்.”

“இல்லைத் தம்பி. பொறும்.”

பாதி மொட்டையோடு, மூக்கில் தண்ணி வழிய, நான் அந்த மூச்சை எண்ணிக்கொண்டிருந்தேன். அந்த நேரம் நான் மாதாவிடம் ஒன்று கேட்டேன். பகிடி இல்லாமல். என்ன கேட்டேன் என்பது உங்களுக்கே தெரியும். ஒரு தலைமயிருக்காக இந்த மனிதரை இந்தப் பனிக்குள் கொண்டுவந்து நிறுத்தியவன் நான் அல்லவா?

மூச்சு ஒரு ஒழுங்குக்கு வந்தது. கத்தி மறுபடி நகர்ந்தது. மூன்று நான்கு தடவை இப்படி நின்று நின்று, முழுக்க முடிந்தபோது முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது. ஒரு கீறல் இல்லை.

தலைமயிரை ஒரு துணியில் கட்டிச் சுரூபத்தின் காலடியில் வைத்தார். தொப்பியைக் கழற்றப் போனார்.

“கழட்டாதேங்கோ” என்றார் வசந்தி. “தடிமன் பிடிச்சா ஒப்பரேசனைத் தள்ளிப்போடுவாங்கள். இந்த முறை உண்மையான தடிமன்.”

தொப்பியோடே நின்றார். கண்ணை மூடி நெடுநேரம். உதடு மட்டும் அசைந்தது. பிறகு துணி முடிச்சை எடுத்துக் காருக்குள் வைத்தோம். அடுத்தவர் காணியில் குப்பை போடக்கூடாது அல்லவா? மாதாவுக்குக் காட்டியாயிற்று. மிச்சம் மாநகரசபைக்கு.

வரும் வழியில் கேட்டேன். “ஒப்பரேசன் நல்லா நடக்கவேணும் எண்டு கேட்டீரோ?”

“இல்லை.”

வசந்தி நிமிர்ந்து பார்த்தார். “அப்ப இவ்வளவு நேரமும் என்ன கேட்டனீங்கள்?”

“எனக்கெண்டு கேக்க வாய் வரேல்லை. உமக்குத் தலைமயிர் திரும்ப முளைக்கவேணும் எண்டு கேட்டனான், ஐசே.”

“அது முளைக்கும்தானே?”

“முளைச்சா, இந்த ஓகஸ்ட் திருநாளுக்கு அந்த மெயின் றோட்டிலை இருந்து மாதாவிட்டை வெறுங்காலோட நடந்து வாறன் எண்டு நேர்ந்திருக்கிறன்.”

கார்த்திக் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். ஓகஸ்ட் மாதம் நடக்கவேண்டும் என்றால் ஓகஸ்ட் மாதம் அவர் இருக்கவேண்டும். தனக்கென்று எதையும் கேட்காமல், கேட்கவேண்டியதைக் கேட்டுவிட்டார் மனிதர். முப்பது வருடம் பஸ் ஓட்டியவர். பாதை பூட்டியிருந்தால் எந்தத் தெருவால் சுற்றிப் போவது என்று அவருக்குத் தெரியாதா?

“வெறுங்காலோடயோ?” என்றார் வசந்தி. “சொக்ஸ் எண்டாலும் போடலாம் எண்டு சொல்லியிருக்கலாம்.” சொல்லிவிட்டுச் சிரித்தார். அந்த மாதத்தில் அவர் சிரித்ததை நான் அன்றைக்குத்தான் கேட்டேன்.

அடுத்து வந்த பத்து நாளில் நான் கற்றுக்கொண்ட பாடம் இது. மொட்டைத் தலையைக் கண்டால் நம்மவர்கள், “ஆர் செத்தது?” என்று கேட்பார்கள். நோர்வே ஆட்கள் ஒன்றும் கேட்கமாட்டார்கள். புற்றுநோய் என்று முடிவுசெய்து மெத்ரோவில் எழுந்து இடம் கொடுப்பார்கள். பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியை என்னைத் தனியாகக் கூப்பிட்டு, எவ்வளவு காலம் வேண்டுமென்றாலும் லீவு எடுக்கலாம் என்று கையைப் பிடித்தார். எனக்கு ஒன்றும் இல்லை என்றேன். “நீங்கள் தைரியசாலி” என்று கண் கலங்கினார்.

ஒப்பரேசன் ஒரு செவ்வாய்க்கிழமை. விடியற்காலையிலேயே உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். மாலை ஆறு மணிக்கு வழக்கம்போல மேசையில் இருந்தோம். அன்றைக்கு எதைப் பற்றிக் கதைத்தோம் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. எதையும் நம்பாத பியோர்க், பத்து நிமிடத்துக்கு ஒருதடவை வந்து சுத்தமான மேசையைத் துடைத்தார். “எடுத்தாரா?” என்பார். இல்லை என்பேன். போய்விடுவார்.

ஏழு மணி தாண்டி வசந்தி எடுத்தார்.

“கண் முழிச்சிட்டார், அண்ணை. தண்ணி கேட்டவர். உங்கடை தலை எப்பிடி எண்டும் கேட்டவர்.”

மொழிபெயர்க்க நான் பியோர்க் பக்கம் திரும்பினேன்.  தேவை இருக்கவில்லை, அவர் என் முகத்தைப் பார்த்தே விளங்கிக்கொண்டு கவுண்டருக்குப் பின்னால் போய் எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றார். கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பி, “இது உங்கள் மாதாவா, டொக்டரா?” என்று கேட்டார்.

நான் என் பியரை எடுத்து ஒரு மிடறு குடித்தேன். யாரையும் யாரும் இழுக்கக்கூடாது என்பது விதி.

அதற்குப் பிறகு ஐந்து கிழமை. நேற்று வெஸ்ட்லிக்குப் போனேன். சிவநேசன் வீட்டுக்கு முன்னால் மெதுவாக நடந்துகொண்டிருந்தார் — ஓகஸ்டுக்குப் பயிற்சியாம். என்னைக் கண்டதும் நின்று, என் தொப்பியைக் கழற்றிப் பார்த்தார். மாதா கொடுத்துவிட்டார். அரை அங்குலம், நல்ல அடர்த்தி, ஒரு இடம் விடாமல்… முழுக்க வெள்ளை.

கேட்டவர் நிறத்தைச் சொல்ல மறந்துவிட்டாராம்.